குடம் இல்லாத காலனிக்கு வந்த தண்ணீர் லாரி

பெரியவர்களே, தாய்மார்களே, நடந்த ஒன்றைச் சின்னக் கதையாகச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள்... சொன்னால் வம்பு.

ஓர் ஊரில் ஒரு காலனி. வீட்டுக்கு வீடு போர்வெல், வீட்டுக்கு வீடு கார். மதில் சுவருக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. தேர்தல் நேரம். அரசாங்கம் இலவசத் தண்ணீர் லாரி அனுப்பியது. எங்கே? தெருவுக்கா?

காலனிக்கு.

லாரி வந்தது. படம் எடுக்கிறவரும் வந்தார். படத்துக்குக் குடத்தோடு வரிசை வேண்டுமே... காலனியில் ஒரு வீட்டில்கூடக் குடம் இல்லை. ஆளுங்கட்சிக்காரர் சிங்காரவேலு என்ன செய்தார்? பின் தெருவுக்கு ஓடினார்.

"அக்கா, குடத்த எடுத்துட்டு வாங்க. லாரி நிக்குது."

முதலில் ஓடி வந்தவள் அஞ்சலை. அவள் மகள் பிள்ளை பெற்று ஆறு நாள். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை.

"கொஞ்சம் சிரிங்கக்கா" என்றார் படம் எடுக்கிறவர்.

"தண்ணி விழட்டும் தம்பி, தானா சிரிப்பேன்."

ஆனாலும் சிரித்தாள். படம் முடிந்தது. லாரிக் குழாயைத் தூக்கிக் காலனித் தொட்டிக்குள் விட்டார்கள்.

"என்ன சிங்காரம், எங்க குடத்துக்குத் தண்ணி?"

"உங்க தெருவுக்கு உத்தரவு இல்லக்கா."

"இவங்களுக்குத்தான் போர் இருக்கே?"

"இவங்க யாருக்குப் போடுவாங்கன்னு தெரியலையே. உங்க ஓட்டு எப்பவும் நமக்குத்தானக்கா."

அன்பாகத்தான் சொன்னார். அது பாராட்டா, அவமானமா? அஞ்சலைக்குப் புரியவில்லை.

மாடியிலிருந்து ஓர் அம்மா கத்தினார். "சார், தொட்டி காலையிலயே நிறைஞ்சிடுச்சு. நிறுத்துங்க." அதற்குள் தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடியது. அஞ்சலை குனிந்து அள்ளிப் பார்த்தாள்... மண்ணோடு வந்தது. குழந்தை அன்றும் குளிக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் அஞ்சலை சிரிக்கிறாள். கீழே, 'காலனி மக்கள் மகிழ்ச்சி'.

இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? காலனிக்காரர்கள் கேட்கவே இல்லை. லாரிக்காரர் சொன்னதைச் செய்தார். சிங்காரவேலு அதே தெருவில் பிறந்தவர். எனக்கு இன்னும் குழப்பம்தான்... ஒன்று மட்டும் தெரிகிறது. எந்த ஓட்டு சந்தேகமோ, லாரி அந்த வாசலில் போய் நிற்கிறது.

நம் தெருவுக்கும் வருவார்கள். "உங்க ஓட்டு நமக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பழக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். "இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லுங்கள்... பயமாக இருந்தாலும் சொல்லுங்கள்.