பக்கத்து இருக்கையின் சூடு

விடியப்புறம் நாலே முக்கால் மணி. கூசேன்வில்லில் இருந்து ருவாசி விமான நிலையத்துக்கு வயல்களுக்கு நடுவால் ஒரு ஒடுங்கிய பாதை போகிறது. விளக்குக் கம்பம் இல்லை. வீடு இல்லை. இரண்டு பக்கமும் உழுது போட்ட மண்... தை மாதத்தில் அது உறைந்து கல்லாகக் கிடக்கும். பெரிய வீதியால் போனால் பதினைந்து நிமிடம். இந்தப் பாதையால் எட்டு. கோசலை இந்தப் பாதையால்தான் வேலைக்குப் போவாள்.

இதைச் சொன்னவள் கஜந்தினி. கோசலை அவளுடைய பெரியம்மாவின் மகள். சொன்ன இடம் பாரிசில், லா சப்பலில் புனிதவதி அக்காவின் தையல் கடை. அன்று பின்னேரம் தொடங்கிய பனி விடவில்லை. புறநகர் ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. கடையின் இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஒரு சின்ன ஹீட்டரைச் சுற்றி நாலு பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். புனிதவதி அக்கா, கஜந்தினி, புதுச்சேரியில் இருந்து வந்து தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மர்கரீத் அம்மா, நான். பிளேன்ரீ குடித்து முடிந்துவிட்டது. தானும் அடுத்த வருடம் ஒரு மின்சாரக் கார் எடுக்கப் போவதாகப் புனிதவதி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். கஜந்தினி கொஞ்ச நேரம் ஹீட்டரின் சிவப்புக் கம்பியையே பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

காருக்கு ஆசைப்பட்டவர் கோசலையின் கணவர் மகாலிங்கம். லா சப்பலில் ஒரு உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் சமையல். அவருடைய பழைய டீசல் காரை இனிப் பாரிசுக்குள் விடமாட்டார்கள் என்று கதை வர, மின்சாரக் காருக்கு எழுதிக் கொடுத்தார். பத்து மாதம் ஆகும் என்றார்கள். காத்திருந்தார். வீட்டுச் சுவரில் சார்ஜ் பெட்டியைப் பூட்டிவிட்டு, கார் இல்லாமலே அந்தப் பச்சை விளக்கைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஐப்பசியில் ஒரு நாள், வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஐம்பத்திமூன்று வயது.

பத்தொன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. கார் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு. கோயில் வாசலை மிதிக்க முடியாது. புதுக் கார் எடுத்தால் நேரே லா சப்பல் பிள்ளையாரிடம் கொண்டுவந்து, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அது ஒன்றும் இப்போது முடியாது. கோசலையின் தம்பி உதயன் பொறுக்கச் சொன்னான். ஆனால் விற்பனை நிலையம் ஒரு கிழமைதான் தந்தது; பிறகு வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். பத்து மாதம் அவர் காத்திருந்த காரை யாரோ ஓட்டிக்கொண்டு போவதைக் கோசலையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கஜந்தினியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

லெ பிளாங்-மெனிலுக்கு வெளியே, கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய முற்றம். ஐந்து மணிக்கே இருட்டு. பனிப்புகார் தரையோடு கிடந்தது. ஒரு பக்கம் புதுக் கார்கள். மற்றப் பக்கம் விபத்தில் நொறுங்கி வந்தவை, தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. செபஸ்டியன் என்ற விற்பனையாளர் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார். குளிர்காலத்தில் இரவு முழுக்க வயரில் விடுங்கள். புறப்பட அரை மணி நேரம் முன்னதாகக் கைபேசியில் அழுத்தினால் கார் உள்ளே சூடாகும். வழியில் பற்றரி இறங்கினால் ஹீட்டரை நிறுத்திவிட்டு இருக்கைச் சூட்டை மட்டும் வையுங்கள், அதற்கு மின்சாரம் குறைவு... கோசலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கஜந்தினி முன் கதவைத் திறக்கப் போனாள். கோசலை அவளுடைய கையைப் பிடித்து, பின்னால் ஏறச் சொன்னாள். பிறகு தானே அந்தக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, முற்றத்து இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ... உங்கடை கார் வந்திட்டுது. ஏறுங்கோ."

ஒரு ஆள் ஏறி உட்கார எடுக்கும் நேரம் அப்படியே நின்றாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நூறு மீற்றர் போகவில்லை. டிங்... டிங்... டிங்... முன் இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து. அந்த இருக்கையில் ஒரு கைப்பைகூட இல்லை. பின்னால் இருந்த கஜந்தினி கால்களை இருக்கை மேல் தூக்கிக்கொண்டாள். கோசலையோ சிரித்தாள். அவர் போன பிறகு முதல் தரம்.

"பெல்ற்றைப் போடுங்கோவன். பொலிஸ் பிடிக்கும்."

சத்தம் நின்றது.

"கரண்ட் காருக்குக் கரண்ட் பேய்," என்றார் புனிதவதி அக்கா. "சென்சர் பிழையாயிருக்கும் பிள்ளை. என்ரை மருமகன்ரை கார் ஒரு முட்டைப் பெட்டியை வைச்சாலே கத்தும்."

நாங்கள் சிரித்தோம். கஜந்தினி நாங்கள் சிரித்து முடியும்வரை இருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அந்தியேட்டி முடிந்தது. துடக்குக் கழிந்தது. காரை இனிக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம். கோசலை கொண்டுபோகவில்லை. இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்று தள்ளினாள். ஐயர் மந்திரம் சொல்லித் தேசிக்காயை நசுக்கினால் யார் இறங்கிப் போகவேண்டி வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவரை இரண்டாவது தரம் இழக்க அவள் தயாராக இல்லை.

நாலு மணிக்கு எழும்புவாள். கட்டிலில் இருந்தபடியே கைபேசியில் இரண்டு இருக்கைக்கும் சூடு வைப்பாள். ருவாசியில் விமானங்களுக்குள் துப்புரவு வேலை. அந்த வேலைக்காகவா, வழியில் இருக்கும் எட்டு நிமிடத்துக்காகவா எழும்புகிறாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள். அந்த எட்டு நிமிடமும் அவரோடு கதைப்பாள். இறங்கும்போது பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு. அது இயந்திரத்தின் சூடா, ஆளின் சூடா... அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும்.

இரண்டு விஷயம் இடித்தது. மகாலிங்கம் ஆறடி. அவருடைய காலுக்காக அந்த இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தாள். ஒவ்வொரு விடியலும் அது முன்னுக்கு வந்திருந்தது. பெரிய ஆள் ஒருவருக்கு முழங்கால் வைக்க இடமில்லாத அளவுக்கு முன்னுக்கு. மற்றது மணம். அவரிடம் எப்போதும் பொரித்த எண்ணெயும் கறிவேப்பிலையும் மணக்கும். இருக்கை சூடேற ஏற வந்தது வேறு. நனைந்து காயாத கம்பளி... அதற்கு அடியில் இரும்பு, நாக்கில் படுவது போல. கோசலை இருக்கையைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளினாள். பனிக்காலம், எல்லாம் ஈரம்தானே என்று தனக்குச் சொன்னாள். அவள் அறியாமல் இருந்தாள் என்று நான் நினைக்கவில்லை. அறிந்ததை மனத்தின் ஒரு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். வெறும் வீட்டுக்குத் திரும்பி வருகிற எவரும் அதைச் செய்வார்கள்.

தை மாதத்தின் நடுப்பகுதி. மறை ஏழு பாகைக் குளிர். அன்று விடிய வந்து பார்த்தால் சார்ஜ் வயர் கழன்று தரையில் கிடக்கிறது. இரவு தன் கையால் பூட்டிய வயர். பற்றரியில் ஒன்பது வீதம். அது போதும் என்று புறப்பட்டாள். வயல் பாதையில் திரும்பும்போது ஐந்து. பாதி வழியில் மூன்று. ஹீட்டரை நிறுத்தினாள். மூச்சு வெள்ளையாக வந்தது. தன் இருக்கையின் சூட்டை நிறுத்தினாள். கடைசியாகப் பக்கத்து இருக்கை.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அணைத்தாள்.

திரையில் அது திரும்பவும் எரிந்தது.

அணைத்தாள். எரிந்தது. மூன்றாம் தரம் அணைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தாள். அந்த விரலின் மேல் ஏதோ வந்து பட்டது. சில்லென்று. ஈரமாக. ஒரு பெரிய ஆளின் விரல் அளவுகூட இல்லை... அதிலும் சின்னது.

கோசலை காரை நிறுத்தினாள்.

நடுச்சாமத்தில் தன் போர்வையை இழுத்து அவள் மேல் போட்டுவிட்டு, வெறும் மேலோடு குறண்டிக் கிடக்கிற மனிதர் மகாலிங்கம். பத்தொன்பது வருடம் அப்படித்தான். அவளிடமிருந்து ஒரு பொட்டுச் சூட்டைக்கூட அவர் எடுக்கமாட்டார். மனத்தில் சாத்தியிருந்த கதவு அந்த இடத்தில் திறந்துகொண்டது.

கல்யாணம் முடித்த நாளில் இருந்து அவள் அவருடைய பெயரை வாயால் சொன்னதில்லை. கந்தோர்ப் படிவங்களில் எழுதுவாள். யாரும் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவாள். அன்று, அந்த இருட்டில், முதல் தரம் சொன்னாள்.

"மகாலிங்கம்."

பக்கத்தில் ஒன்றும் அசையவில்லை.

பதில் வெளியில் இருந்து வந்தது. பின்னால்... நல்ல தூரத்தில்... அவள் கடந்து வந்த பாதையில். ஒரு வறட்டு இருமல். பிறகு ஒரு செருமல். இருபத்திரண்டு வருடம் பொரிபுகை குடித்த தொண்டை. ஆயிரம் பேர் இருமினாலும் அவளுக்கு அது தெரியும்.

அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு மாதமாக, அந்தக் குளிரில், காருக்குப் பின்னால்.

க்ளக். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

கஜந்தினி கையிலிருந்த வெறும் கோப்பையைக் கீழே வைத்தாள். இரும்புக் கதவுக்கு வெளியே பனி விழும் சத்தம்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரர நான் அந்துவான்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்," என்றார் மர்கரீத் அம்மா மெல்ல. "மாமியார் திட்டுவாங்க."

புனிதவதி அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. "அண்டைக்கு அந்த முத்தத்திலை," என்று கேட்டார், "ஏறுங்கோ எண்டு சொல்லேக்கை... கோசலை பேர் சொல்லேல்லையோ?"

"நீங்கள் உங்கடை அவரைப் பேர் சொல்லியோ கூப்பிடுறனீங்கள்?"

புனிதவதி அக்கா கையை ஹீட்டருக்குக் கிட்டக் கொண்டுபோனார். 'இங்கே பாருங்கள்' என்கிற அந்த இஞ்சேருங்கோவுக்கு யார் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். அந்த முற்றத்தில், நொறுங்கிய கார்களுக்கு நடுவில், அன்று யார் யார் நின்றார்களோ.

கோசலை கைபிடியை இரண்டு மூன்று தரம் இழுத்து, தோளால் இடித்துக் கதவைத் திறந்து வெளியே விழுந்தாள். எழும்பி, வந்த பாதையால் ஓடினாள். பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஒருவரும் இல்லை. வயலும் உறைபனியும். நின்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இருமல் கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. இந்தக் கார்களுக்கு இஞ்சின் சத்தம் கிடையாது. மெதுவாகப் போகும்போது தெருவில் நிற்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று ஒரு மெல்லிய ஊதல் வைத்திருக்கிறார்கள். அந்த ஊதல். முதுகுக்குப் பின்னால். கிட்ட... இன்னும் கிட்ட.

திரும்பினாள். கார் பின்னோக்கி வந்து, அவளுடைய முழங்காலுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. ஓட்டுகிற இருக்கையும் வெறுமை. ஆனால் அது ஸ்டியரிங்கோடு முட்டுகிற மாதிரி முன்னுக்கு இழுபட்டிருந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் அவளை ஏற்றி வீட்டில் விட்டார். காரை இழுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் சோதித்தார்கள். ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மாசியில் உதயன் அதை விற்றுவிட்டான்.

"அப்ப முடிஞ்சுது," என்றார் புனிதவதி அக்கா. முடிந்தது என்று யாராவது சொல்லவேண்டும் போல இருந்தது அவருக்கு.

கஜந்தினி தலையாட்டவில்லை. இந்த வருடக் குளிர் தொடங்கிய நாளில் இருந்து, விடியப்புறம் நாலே முக்காலுக்குக் கோசலையின் வீட்டு வாசலில் இருமல் கேட்கிறதாம். ஒரு வறட்டு இருமல், பிறகு செருமல். அவர் அந்த வயலில் இருந்து நடந்தே வந்து சேர்ந்துவிட்டார். உள்ளே கூப்பிடவேண்டியதுதான் பாக்கி.

"பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே," என்றேன் நான்.

"கூப்பிடத்தான் கோசலை அக்கா ஒவ்வொரு நாளும் கதவடிக்குப் போறா. கதவுத் திறப்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதிட்டு வாறா." கஜந்தினி குரலைத் தாழ்த்தினாள். "அண்டைக்கு அவ பேர் சொல்லேக்கை, காருக்குள்ளை இருந்ததும் அந்தப் பேரைக் கேட்டதுதானே. இனிப் பேர் சொன்னால் அதுவும் வரும்."

புனிதவதி அக்கா இரும்புக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"போன செவ்வாய்க்கிழமை இரண்டு இருமல் கேட்டதாம். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. ஒரே தொண்டை. ஒண்டு ஆள் உயரத்திலை இருந்து... மற்றது கதவுக் கைபிடிக்குக் கீழை இருந்து."