மருந்து வேண்டாம் என்றவள்

செஞ்சி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிங்கவரத்துப் பெண், கம்பவுண்டர் கை நீட்டியும் பாட்டிலைக் கொடுக்கவில்லை.

"மருந்து வேணாங்க. பாட்டில் இல்லாம வந்தா ஜன்னல்கிட்ட விடமாட்டேங்கறீங்க, அதான் கொண்டாந்தேன். வார்டுல படுத்திருக்கற எங்க வூட்டுக்காரருக்கு இன்னா நோவு?"

"டாக்டரைக் கேளும்மா."

"அவரு உங்களைக் கேக்கச் சொல்றாரு."

"காலைலேருந்து நிக்கறோம், நகரும்மா" என்றாள் என் பின்னால் குழந்தையோடு நின்றவள்.

"உம் புள்ளைக்கு இன்னான்னு சொன்னாங்களாக்கா?"

"இல்லியே."

"அப்ப சும்மா இரு."

கம்பவுண்டர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் டாக்டரை அழைத்துவந்தார்.

"டைபாய்டும்மா. ஜுரம் எறங்குது, பொழச்சிக்குவாரு."

அவள் தலை நிமிர்ந்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொழச்சிக்குவாராம்! டாக்டரே எங்கிட்ட வந்து சொன்னாரு. வாக்கா, அவரு உள்ள போறதுக்குள்ள நீயும் கேளு."