அச்சில் இருந்த ஒன்றரை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் டாக்டர் ராஜகோபால் ஐயா அவர்களே, நெசவாளர் சங்கச் செயலாளர் ஆதிகேசவன் அவர்களே, கணவர் வீரபாகுவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிருஷ்ணம்மாள் அவர்களே, பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருக்கும் நாற்பத்தொரு பேரே! தையல்நாயகியின் வணக்கம். வராதவன் ஒருவன், என் மகன் துரைக்கண்ணு. சிறையில் இருக்கிறான். நம் ஆய்வுக்கூட வீரபாகு அவர்களைத் தறிக்கட்டையால் அடித்துக் கொன்றவன் அவன்தான்.

கொலைகாரனைப் பெற்றவளுக்கு இங்கே என்ன பேச்சு என்கிறீர்களா? கேளுங்கள்!

வீரபாகு யார்? வீடு வீடாக ஜாடி கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்து வாங்கி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தவர். "மூத்திரக் கணக்குப்பிள்ளை வராருடோய்!" என்று கத்துவோம். "கணக்குதான்பா என்னுது, சரக்கெல்லாம் உங்களுது" என்பார். வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டில் இதை வைப்பதா என்று என் மகள் கலாவதி ஜாடியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். கோபித்தாரா? "சரிம்மா, சாமிக்கு ஒரு நாள் விட்டாச்சி. நாளைக்கு மொதல்ல இருந்து புடிங்க" என்றார்.

"ரத்தத்துல பாத்தா ஆவாதா?" என்று கேட்டேன்.

"சீமையில கறி தின்னு வளந்த ஆம்பளைங்களைப் பாத்துப் போட்ட அளவும்மா அது. சதை இருந்தாதான் கிரியாட்டினின்ங்கிற அந்தக் கழிவு ரத்தத்துல ஊறும். முப்பத்தாறு கிலோ உங்க பொண்ணு. அவங்க அளவு இவளுக்கு எப்படி ஒத்துக்கும்?"

ரத்தச் சோதனையில் கலாவதிக்கு வந்தது ஒன்று புள்ளி நான்கு. சீட்டின் அடியில் "ஒன்றரை வரை நார்மல்" என்று அச்சு. டாக்டர் ஐயா, அதைப் பார்த்து நீங்கள் அவளை வீட்டுக்கு அனுப்பினீர்கள். எட்டே மாதம்! முகம் வீங்கி, வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு செத்தாள்.

காரியம் முடிந்த அன்றே துரைக்கண்ணு சீட்டோடும் தறிக்கட்டையோடும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். "நீதானேடா நார்மல்னு எழுதிக் குடுத்தே?" முதல் அடியில் தோள் எலும்பு முறிந்தது. இரண்டாவதில் மண்டை பிளந்தது. உடைந்த ஜாடிகள்மேல் விழுந்தவரை மேலும் மேலும் அடித்தான். தடுத்த என் புடவையெல்லாம் ரத்தம். "பின்னால பாருப்பா... பின்னால..." அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. யாரோ வருகிறார்கள் என்று என் மகன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்!

அவர் சொன்னது சீட்டின் பின்பக்கத்தை, ஐயா. அங்கே பென்சிலில் எழுதியிருக்கிறது: "ஒரு நாள் சிறுநீர் சேர்த்துப் பார்த்தேன். சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை. இவர் உடம்புக்கு 1.4 அதிகம்."

என் மகன் திருப்பிப் பார்க்கவில்லை. நீங்களும் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அச்சை மட்டும்தான் படித்தீர்கள்!

வீரபாகு எண்களைச் சொல்லச் சொல்ல, பொருள் தெரியாமலே நான் எழுதிய நோட்டு இது. அறுபத்திரண்டு பேருடைய எடை, ரத்த அளவு, சிறுநீர் அளவு. காமாட்சி அம்மன் சாட்சியாக இனி அந்த ஜாடியை நான் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். கத்துகிறவர்கள் கத்துங்கள்!

நோட்டை மேசைமேல் வைக்கிறேன், டாக்டர் ஐயா. நாளைக்கும் அதே சீட்டுதான் போகும். அந்த அச்சு வரியைக் கோடு போட்டு அடிப்பீர்களா, மாட்டீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.