முப்பத்தோராம் திகதித் தாள்

நாளைய தாளை இன்றைக்கே கிழிக்கும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பதுளை பசாரில் அப்பாவின் புடவைக்கடைச் சுவரில் தொங்கிய கலண்டரை இருபது வருடம் தினமும் கிழித்தவன் நான். காலையில் கடை திறந்ததும் முதலில் சாம்பிராணி, பிறகு தாள். நாளைத் தாளில் இன்றைக்குக் கை வைத்தால் ஆயுள் குறையும் என்பார் அப்பா. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் ஒழுங்கான மனிதன் என்பதை விசாரணை அதிகாரி ஐயா தெரிந்துகொள்ள வேண்டும். நடந்ததை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். கொஞ்சம் ஆதியிலிருந்து வந்தால் கோபிக்க வேண்டாம்.

என் பெயர் பாலசுப்பிரமணியம், வயது நாற்பத்தொன்று. ஆறு தேயிலைத் தோட்டங்களை மேற்பார்க்கும் பதுளை ஆபீஸில் கம்பியூட்டர் பொறுப்பாளனாக இருந்தேன். ஒப்பந்த வேலைதான். கொழும்பில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து வந்ததால் அந்த மெசினைத் தொடத் தெரிந்தவன் ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நான் மறுத்ததில்லை.

ஆறு தோட்டத்துப் பேர்ப்பதிவுப் புத்தகங்களையும் மெசினுக்குள் ஏற்ற வேண்டும். இதுதான் வேலை. ஒருவர் எப்போது பிறந்தார், எந்த லயத்து வீட்டில் இருக்கிறார், எந்த வருடம் வேலைக்குப் பேர் பதிந்தார் என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களில்தான் இருக்கும். அடையாள அட்டைக்கோ பிரஜாவுரிமைக்கோ கடிதம் கேட்டு வருகிறவருக்கு, கிளாக்கர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பார். சில புத்தகங்களைக் கரையான் ஏற்கெனவே பாதி வாசித்து முடித்திருந்தது.

மெசினுக்குள் ஓடும் புரோகிராமுடன் கொழும்பிலிருந்து ஒரு கையேடும் வந்தது. நானூறு பக்கம், இங்கிலீஷ், வளையம் போட்ட தடித்த பைல். தோட்டத்துக் கிளாக்கர்மார் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பயபக்தியுடன் மூடினார்கள். கடைசியில் அது காற்றுக்கு ஆடும் ஜன்னலுக்கு அண்டை கொடுக்கப் பயன்பட்டது. அப்போதுதான் எண்பத்தைந்து ஒக்டோபரில் எங்கள் ஆபீஸ் மேலதிகாரி பெரிய தொரை என்னைக் கூப்பிட்டார்.

“தமிழ்ல ஒரு கையேடு எழுதுங்க பாலசுப்பிரமணியம். எல்லாருக்கும் விளங்குற மாதிரி இருக்கணும். அது மட்டும் கையில இருந்தா அடுத்த வருசத்துக்குப் பொறகு யாரு வேணும்னாலும் இத ஓட்டிக்கலாம்.”

நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றால் நான் எதற்கு? என் ஒப்பந்தம் எண்பத்தாறு டிசம்பரோடு முடிகிறது. கையேட்டை நன்றாக எழுதினால் எனக்கே குழி வெட்டிய மாதிரி. மோசமாக எழுதினால் கெட்ட பெயர். நான் மூன்று நாள் யோசித்தேன்.

எப்படிப்பட்ட கையேடு என்று முடிவு செய்வது எழுதுவதைவிடப் பெரிய காரியம், ஐயா. இதை யாரும் மதிப்பதில்லை. ரோனியோவில் பிரதி அடித்த தாள்களாகக் கொடுக்கலாம்; பக்கம் மாறிப் போகும். கட்டிய புத்தகமாகக் கொடுக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சுவரில் ஒட்டும் பெரிய படமாகக் கொடுத்தால் மழைக்கால ஈரத்தில் உரிந்துவிடும். இப்படி ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுக் கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: நாட்கலண்டர். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ஒரு பாடம். இந்த ஊரில் புத்தகம் படிக்காதவர்கள் இருக்கிறார்கள், காலையில் கலண்டர் தாளைப் படிக்காதவர் யாருமில்லை.

பெரிய தொரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்த தாளைக் கிழித்துவிடுவார்கள், கிழித்த தாளில் கடலை மடிப்பார்கள், ஆகவே எந்தப் பாடத்தையும் யாரும் திரும்பிப் பார்க்க முடியாது என்பதை அவர் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லவில்லை. அதைக் குற்றம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

அச்சடித்தவர் பசாரில் பிரஸ் வைத்திருக்கும் பலீல். எங்கள் கடைக்கு வருடா வருடம் கலண்டர் அடிப்பவர், தொழில் தெரிந்தவர்.

“ராகு காலம் போடாம உட்டா ஒரு மனிசரும் கலண்டர்னு மதிக்க மாட்டாங்க சேர்,” என்றார். “தொழுகை நேரமும் போட்டுடுறேன். ஒங்கட பாடம் நடுவுல இருக்கட்டும்.”

அப்படியே செய்தோம். முந்நூற்று அறுபத்தைந்து தாள். அதில் முந்நூற்று அறுபத்து நாலில் ஒரு பிழை காட்டினால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன். மிச்சமுள்ள ஒரு தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிளாக்கர்மார் முறைவைத்துப் பதுளைக்கு வந்து அவரவர் தோட்டத்துப் பெயர்களை ஏற்ற வேண்டும். கலண்டர் ஆறு ஆபீஸிலும் தொங்கியது, அவர்கள் தினமும் படித்தார்கள். ஆனால் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் நடந்தது. அவர்கள் அதை அன்றைய பலனாகவே எடுத்துக்கொண்டார்கள். ‘பிழையான பெயரைத் திருத்தும் முறை’ என்று பெப்ரவரி ஆறாம் திகதி போட்டிருந்தேன். எல்ல ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் வைரவநாதன் அன்றைக்கே விழுந்தடித்து ஓடிவந்து பதினேழு பெயரைத் திருத்தினார். அதற்குப் பிறகு எத்தனை பிழை கண்டாலும் தொடவில்லை. அடுத்த பெப்ரவரி வரட்டும் என்றார்.

பெரகல தோட்டத்துக் கிளாக்கர் இன்னும் ஒரு படி மேலே. ‘மின்சாரம் நின்றால் பதற வேண்டாம்’ என்று ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள். மின்சாரம் புதன்கிழமை நின்றது. மனிதர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். தாளைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

“படிச்சேன் சேர். பதற வேண்டாம்னு போட்டிருந்தது நேத்துக்குத்தானே?”

நான் அவரைத் திருத்தவில்லை. ஒருவருடைய நம்பிக்கையில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த வருடம் முழுக்க நான் இல்லாமல் ஒரு வேலையும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் என் வாழ்க்கையில் சந்தோஷமான வருடம்.

பாக்கியலெட்சுமி என்ற பெண்ணைப் பற்றி இப்போது எழுத வேண்டும். மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, எங்கள் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக வந்தவள். இருபத்திரண்டு வயது. சத்தமில்லாத பெண். கிளாக்கர்மார் வராத நாட்களில் பெயர் ஏற்றுவது அவள்தான். அவள் மட்டும் கேள்வி கேட்பாள்.

“சேர், மார்ச் மாசத் தாள்ல சொன்னத ஜூன்ல செஞ்சா தப்புங்களா?”

“தப்பில்லை. ஆனால் பலன் இருக்காது,” என்றேன்.

மே மாதம் என்று நினைக்கிறேன், இன்னொன்று கேட்டாள். “மெசின துப்புரவு பண்ணினா அழுக்கு மட்டும் போகுமா, பேரெல்லாமும் சேந்து போயிருமா சேர்?”

அதற்குரிய தாள் வரும்போது பார்க்கலாம் என்றேன். அதுவரை கிழித்த ஒரு தாளிலும் துப்புரவு என்ற சொல்லே வரவில்லை. அவளுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

இப்போது அந்தத் தாள். டிசம்பர் முப்பத்தொன்று, புதன்கிழமை. ‘வருட முடிவுத் துப்புரவு. காலை பத்தரைக்குக் கீழ்க்காணும் கட்டளையைக் கொடுக்கவும். மெசின் இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்கும். இரண்டு தடவையும் ஆம் என்க.’ அப்படிச் செய்தால் மெசினுக்குள் இருக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் பெயரும் அழிந்துவிடும். மற்றத் தாள்களையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதைத்தான் நான் முதலில் எழுதினேன். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தான் வழியை ஒழுங்காகப் போட முடியும்.

யார் அதை அழுத்துவார்கள் என்று எழுதும்போது தெரியாது. யாராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் இடத்துக்கு வரும் அளவுக்குத் தேறியவர் எவரோ அவரே அழுத்துவார், அவரே வேலையும் இழப்பார். வருட நடுவில் அது பாக்கியலெட்சுமி என்று தெளிவாகிவிட்டது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தீபாவளிக்கு அவளுக்கு ஒரு சீத்தைத் துணி எங்கள் கடையிலிருந்து பாதி விலைக்குக் கொடுத்தேன்.

பெயர்கள் போனால் மறுபடி ஏற்ற வேண்டும். புத்தகங்கள் இருந்தால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அது போதாது. ஆகவே நவம்பரில், ஏற்றி முடித்த பழைய புத்தகங்களில் கரையான் இருக்கிறது, மெசினுக்கு ஆகாது என்று எழுதிப் பெரிய தொரையிடம் கையெழுத்து வாங்கி, தேயிலை பெக்டரி அடுப்புக்கு லொறியில் அனுப்பினேன். நன்றாக எரிந்ததாகச் சொன்னார்கள். இனிக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டு எழுத வேண்டும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு மூன்று வருட வேலை. பிறந்த திகதி அவர்களுக்கு ஓரளவு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாதவர்களுக்கு நான் ஒரு நல்ல திகதியாகப் பார்த்துப் போட்டிருப்பேன்.

ஒரு பிரதியாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நேற்றுக் கேட்டீர்கள். வைத்திருந்தால் திட்டமிட்டுச் செய்தது போல ஆகிவிடும், ஐயா.

முப்பத்தொன்றாம் திகதிக்கு லீவு கேட்டிருந்தேன். முப்பதாம் திகதி மாலை பெரிய தொரை கூப்பிட்டு லீவு இல்லை என்றார். வருட முடிவு வேலையைச் சேர் கையாலேயே செய்ய வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்று பாக்கியலெட்சுமி கேட்டுக்கொண்டாளாம். ஆறு கிளாக்கர்மாரும் வருகிறார்களாம். 

காலையில் போனால் மெசினுக்கு மாலை போட்டிருந்தார்கள். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம். வைரவநாதன் வேட்டியில் வந்திருந்தார். தாளில் பத்தரை என்று போட்டிருந்ததால் பெரகல கிளாக்கர் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒங்க கையேடு, ஒங்க கையாலயே செஞ்சு காட்டுங்க,” என்றார் பெரிய தொரை.

நான் உட்கார்ந்தேன். பயந்தேன், அதை மறைக்கவில்லை. தாளில் ஒரு பிழை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு தாள் பிழை என்றால் மற்ற முந்நூற்று அறுபத்து நாலையும் சந்தேகிப்பார்கள். அவ்வளவு பேர் முன்னால், மாலை போட்ட மெசின் முன்னால், என் கையேட்டை நானே குறை சொல்வதா? கட்டளையைக் கொடுத்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன். மறுபடி கேட்டது. அதற்கும் ஆம் என்றேன்.

ஆறாயிரம் பேர் போவதற்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. திரை காலியானதும் கிளாக்கர்மார் கை தட்டினார்கள்.

பாக்கியலெட்சுமி தட்டவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் கெரியருக்கு அடியிலிருந்து மூன்று பிளாப்பித் தட்டுகளை எடுத்தாள். “கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா சேர்?” என்றாள். எழுந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். திரையில் பெயர்கள் வரத் தொடங்கின. ஓர் இடத்தில் நிறுத்தி, பெரிய தொரைக்கு விரலால் காட்டினாள்.

“இது எங்கம்மா பேருங்க. ஜெயலெட்சுமி. பொறந்த தெகதி இருக்கு, பேர் பதிஞ்ச வருசம் இருக்கு. அம்மாவுக்கு இன்னும் பிரஜாவுரிமை வரலீங்க. இது போயிருந்தா அம்மா எங்க பொறந்தாங்கன்னு காட்ட எங்ககிட்ட வேற ஒண்ணுமே இல்ல.”

 மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவள் கையால் எழுதிய ஒரு சீஆர் கொப்பியை மேசையில் வைத்தாள். ஜனவரி முதல் வாரத்தில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, கலண்டரைக் கிழிக்காமல் தாள் தாளாகத் தூக்கிப் பார்த்து முழுவதையும் எழுதி எடுத்திருக்கிறாள். கிழிக்காமல் தூக்கிப் பார்க்கலாம் என்பது, இருபது வருடம் கலண்டர் கிழித்த எனக்குத் தோன்றவேயில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது: ‘காலித் தட்டு ஒன்றில் பத்துப் பெயரை ஏற்றிச் செய்து பார்த்தேன். எல்லாம் போகிறது. செய்யக் கூடாது.’ திகதி ஜனவரி பதினேழு.

“ஜனவரியிலேயே தெரியும் என்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கைதவறி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன் சேர். நீங்களே திருத்துவீங்கன்னு வருசம் பூரா பாத்துக்கிட்டே இருந்தேன். நவம்பர்ல பொஸ்தகத்த எரிக்க அனுப்பினீங்களே, அப்பத்தான் வெளங்கிச்சு.”

இவ்வளவுதான் நடந்தது. நான் செய்தேன், தெரிந்தே செய்தேன், என்னை யாரும் தூண்டவில்லை. என் இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். அவளுடைய கொப்பியை ரோனியோ அடித்து ஆறு தோட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பக்கம் மாறிப் போகும் என்று நான் எச்சரித்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் தயவுசெய்து அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. என் கலண்டர் ஒன்றைத்தான் படித்தாள், மெசின் முழுவதையும் கற்றுக்கொண்டாள். கையேடு என்றால் வேறு என்ன? இந்த வருடத் தாள்களையும் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். டிசம்பர் முப்பத்தொன்றை மட்டும் வேண்டுமானால் வேறு யாராவது எழுதட்டும்.