குப்பை டிராக்டரில் கட்டிய வலை

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் இளையவள், புத்தளம் தில்லையடியில் இருப்பவள், மூத்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"குப்பை டிராக்டருக்குக் குறுக்கால போய் நிண்டன், ராத்தா."

"அல்லாஹ்வே! ஏன்?"

"உக்கிப்போற குப்பை வேற, பிளாஸ்டிக் வேறயாப் பிரிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. நாங்களும் குடுத்தம். அவங்க ரெண்டையும் ஒண்டாத்தான் கொட்டினாங்க. சண்டை பிடிக்கத்தான் போனன். டிரைவர் இறங்கி வந்து, 'தங்கச்சி, டிராக்டர்ல ஒரே பெட்டிதானே, எங்க பிரிச்சுப் போடுற?' எண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு."

"பொறகு?"

"மாம்புரிக் கடற்கரையில இருந்து கிழிஞ்ச மீன் வலை எடுப்பிச்சம். தெருப் பொம்புளைகள் நாலு பேர் சேந்து பெரிய பையாத் தைச்சு, டிராக்டருக்குப் பின்னால கட்டி உட்டம். இப்ப பிளாஸ்டிக் எல்லாம் அதுக்குள்ளதான்."

"சபைக் கந்தோர்ல ஒண்டும் சொல்லல்லியா?"

"சபை ஆபீஸ் சேர் ஒருத்தர் வந்து சுத்திச் சுத்திப் பாத்தார். கழட்டச் சொல்லுவாரெண்டு பயந்துதான் நிண்டம். மத்த டிராக்டருக்கும் ஒண்டு தைச்சுத் தருவீங்களா எண்டு கேட்டார்."

"எங்கட பக்கம் வாற டிராக்டர்லயும் ஒரே பெட்டிதான். என்ன நூலால தைச்ச?" என்று ராத்தா கேட்டாள்.