லேபிளின் மூலையில் ஒரு பெயர்

வேலை நாட்களில் நான் காபி தொடுவதில்லை, நீதிபதி அம்மா. நாக்கு மரத்துவிடும். இனி அதற்கு வேலை இல்லை, ஊற்றுங்கள்.

மெதோக் பக்கம் ஷத்தோ ஓர்னசாக் திராட்சைத் தோட்டத்தை அறியாதவர் இல்லை. அதன் மதுவுக்காக அரசர்கள் காத்துக்கிடந்த கதைகளைச் சொல்ல மாட்டேன், பாதி பொய். இரண்டு வழக்கங்கள் மட்டும் நிஜம். மோசமான ஆண்டின் மதுவில் ஓர்னசாக் பெயர் ஒட்டப்படாது. அது பீப்பாயோடு வியாபாரிக்குப் போய்விடும். மதுவைப் பக்குவம் பார்க்கும் மதுக்கூடத் தலைவன் ஓய்வுபெறும் ஆண்டில் லேபிளின் கீழ்மூலையில் அவன் பெயரை அச்சிடுவார்கள். என் அப்பாவுக்கு அச்சிட்டார்கள். போன அறுவடை தலைவனாக என்னுடைய கடைசி.

அறுவடை முழுக்க மழை. முதலாளியின் ஒரே மகன் திபோ, இப்போதெல்லாம் முடிவு அவனுடையதுதான், தொட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்துத் துப்பினான். நல்ல பையன், அதை மறைக்க மாட்டேன். கூலிக்காரர்களோடு மண்வெட்டி பிடித்துத் தொட்டிக்குள் இறங்குகிறவன்.

"பெரியவரே, இதைப் புட்டியில அடைச்சா மழைத்தண்ணிய அடைச்ச மாதிரிதான். இந்த வருஷம் நம்ம பேரு வேணாம்."

"அப்ப என் பேரு, தம்பி?"

"உங்களுக்கு ஒரு விருந்து வெச்சிடுவோம். ஆட்டுத்தொடை, பாட்டு, எல்லாம்."

தோளைத் தட்டிச் சிரித்தான். கேலி இல்லை, பிரியம்தான். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. ஓர்னசாக் வரிசையில் ஓர் ஆண்டு காலியாக நிற்கக் கூடாது. முழுக்க அந்த வீட்டின் கௌரவத்துக்காக.

மதுவை வடித்தபின் தொட்டியின் அடியில் சக்கை கிடக்கும். அதிலிருந்து கிளம்பும் காற்று ஆளைக் கொன்றுவிடும். ஆகவே ஆள் இறங்குமுன் கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி உள்ளே விடுவோம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. பார்த்துச் சொல்வது தலைவன் ஒருவனே. அவன் சொன்ன பிறகு இன்னொருவன் எட்டிப் பார்த்தால் அது அவமதிப்பு.

அன்று திபோ மண்வெட்டியோடு நின்றான். நான் மெழுகுவர்த்தியை இறக்கினேன். விளிம்புக்குக் கீழே போனதுமே அணைந்தது. திரியின் புகையைக் கையால் கலைத்தேன்.

"எரியுது தம்பி, இறங்கலாம்."

அவன் எட்டிப் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவன்.

ஏணியின் கடைசிப் படியில் அவன் கால் மடங்கியது. கில்லெம் என்ற தொழிலாளி அவனைத் தூக்கக் குதிக்கப் போனான். இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன், அவன் பிள்ளைகுட்டிக்காரன். ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரே விபத்து என்றது. என் மெழுகுவர்த்தியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. பெரிய முதலாளிக்கு அந்த மதுவை வியாபாரிக்குத் தள்ள மனம் வரவில்லை. மகன் உயிரைவிட்ட ஆண்டு, நம் பெயரிலேயே புட்டியில் அடைத்துவிடுங்கள் என்றார். நான் நினைத்தது நடந்தது.

இன்று காலை அச்சகத்திலிருந்து லேபிள்கள் வந்தன. முதலாளி அழுதுகொண்டே ஒன்றை என் கையில் கொடுத்தார். கீழ்மூலையில் திபோவின் பெயர். அங்கிருந்து நேராக இங்கே வருகிறேன்.

அந்தப் பையன் ஒரு தொட்டியைக்கூடப் பக்குவம் பார்த்ததில்லை, அம்மா. அந்த மது என்னுடையது. அவனைக் கொன்றதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் மது என்னுடையது என்று எழுதுங்கள்.