உப்பு ஜாடியின் கோடு

எனக்குக் காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிடும். அது ஒன்றும் குற்றமில்லை என்று நினைக்கிறேன். மற்றவற்றைப் பற்றி நீ உட்கார வைத்துக் கேட்டாய், நான் வாயால் சொல்ல முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "அத்தான், பேச வரலைன்னா எழுதிக் குடுங்க. அக்காவுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாய். எழுதுகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரி சரக்கறையில் இருபத்தொன்பது வருடம் எழுதிய கை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் அக்காவின் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் அவள் சமையலின் மேல்தான்.

நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், பெரியவன் மளிகைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தான். "அப்பா, மாசாமாசம் இழுத்துக்கிட்டே போகுது. ஒரு பட்ஜெட் போட்டு நீங்களே பாத்துக்கங்க" என்றான். அவன் ஏதோ பேச்சுக்குச் சொன்னான். நான் அன்றைக்கே போய் வெள்ளை ஒட்டுப்பட்டை வாங்கி வந்துவிட்டேன். அரிசி டப்பா, பருப்பு டப்பா, எண்ணெய்க் குப்பி, சர்க்கரை, மாவு, உப்பு ஜாடி என ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. அதில் தேதிவாரியாகக் கோடுகள். பத்தாம் தேதி அரிசி இந்தக் கோட்டில் இருக்க வேண்டும், இருபதாம் தேதி அந்தக் கோட்டில். உள்ளபடி எந்த அளவில் நிற்கிறது என்பதைத் தினமும் சிவப்பு மையில் பக்கத்திலேயே குறிப்பேன். ஆஸ்பத்திரியில் பஞ்சும் மருந்துத் துணியும் அப்படித்தான் காலந்தள்ளின. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சும்மா சொன்னதல்ல.

முதல் மாதம் அரிசி இருபத்திரண்டாம் தேதியே தரை தட்டிவிட்டது.

நான் பதறவில்லை. அடுத்த மாதம் மட்டமான அரிசி வாங்கினேன். உன் அக்கா அதை முகர்ந்து பார்த்தாள், இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவி, கொஞ்ச நேரம் ஊறப்போட்டு வடித்தாள். பூ மாதிரி வந்தது. மருமகள் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். சரி என்று வாடிய கத்தரிக்காயாகப் பொறுக்கி வந்தேன், கடைக்காரரே இலவசமாகக் கொடுக்கக் கூசிய காய். அதைச் சுட்டுப் பிசைந்து வைத்தாள். பெரியவன் சட்டியை வழித்துவிட்டு, "அம்மா, இத அடிக்கடி செய்யுங்க" என்றான். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் வீட்டு பட்ஜெட்டின் ஓட்டை விலைவாசியில் இல்லை, உன் அக்காவின் கைப்பக்குவத்தில் இருந்தது. சாப்பாடு ருசியாக இருக்கும்வரை யாரும் அளவாகச் சாப்பிட மாட்டார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் அமுதத்தைக் கொஞ்சம் திருத்தினேன், அவ்வளவுதான்.

உன் அக்கா பத்தரைக்குச் சமையல் முடித்து, ருசி பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். குளியலறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்கும். நான் டப்பாக் கோடுகளைப் பார்க்க அடுக்களைக்குப் போவது வழக்கம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. முதலில் எனக்கான பங்கை என் எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து மூடிவைப்பேன். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு சட்டியில் ஒரு கரண்டி உப்பு. இரண்டு கலக்கு. மூடியை இருந்தபடியே வைத்துவிடுவேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகாது.

முதல் நாள் பெரியவன் முகத்தைச் சுளித்து, "அம்மா, இன்னிக்குக் கொஞ்சம் கரிக்குது" என்றான். உன் அக்கா சிரித்தாள். "கை தவறிருச்சுடா." இரண்டாம் நாளும் சிரித்தாள். பத்தாம் நாள் சிரிக்கவில்லை.

உப்புப் போடத் தொடங்கிய இரண்டாம் மாத முடிவில் எல்லா டப்பாவும் கோட்டில் நின்றன. பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். நான் நினைத்ததைவிட எளிதாகவே முடிந்தது.

நீயும் அவளும் சேர்ந்து மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் தொழில் தொடங்குவதாக இருந்தீர்கள். உன் வீட்டு முன்னறையைக்கூட வெள்ளையடித்து வைத்திருந்தாய். அவள் வர மாட்டேன் என்று சொன்ன நாளில் நீ அவளோடு சண்டை போட்டாய். நியாயம்தான், உனக்குக் காரணம் தெரியாது. "எனக்கு நாக்கு போயிருச்சுடி. அடுப்படியில நல்லாருக்கு, தட்டுல போட்டா கரிக்குது. காசு குடுத்து வாங்குறவங்களுக்கு இத எப்படிக் குடுப்பேன்?" என்று அவள் போனில் அழுததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவளை நானே நாக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வயசு என்றார். வயசு என்ற வார்த்தையை வீடுவரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் எப்போதும் அவள் பக்கம்தான் பேசினேன், இதையும் எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் தட்டைத் தள்ளும்போது, "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்பேன். பொய்யில்லை. என் கிண்ணத்தில் இருந்தது பிரமாதமாகவே இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். ஒருநாள் கண் கலங்கி, "நீங்க ஒருத்தர்தான் குறை சொல்லாம சாப்பிடறீங்க" என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படிப் பதினான்கு மாதம் போயிற்று.

பிடிபட்ட கதை உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன். அன்று அவள் யாரிடமும் சொல்லாமல், கறியில் உப்பே போடாமல் இறக்கியிருக்கிறாள். போட்டால்தானே கூடுகிறது, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று சலித்துப்போய் எடுத்த முடிவு. எனக்கு அது தெரிய வழியில்லை. நான் ருசி பார்க்கிற ஆள் அல்ல. சரக்கறைக்காரன் சரக்கை வாயில் வைக்கக்கூடாது, அளக்க மட்டும்தான் வேண்டும் என்பது என் கொள்கை. வழக்கம்போல என் பங்கை எடுத்து வைத்தேன். வழக்கம்போல ஒரு கரண்டி.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். உன் அக்கா நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை. பெரியவன் ஒரு வாய் சாப்பிட்டான், நிறுத்தினான், அம்மாவைப் பார்த்தான். "அம்மா! பழைய கை வந்திருச்சு!" என்றான். மருமகள் ஏற்கெனவே இரண்டாம் தரம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் கிண்ணத்தில் ஒரு வாய் வைத்தேன். வைக்கோல் மாதிரி இருந்தது. ஆனாலும் பதினான்கு மாதப் பழக்கம் விடுமா? "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும்.

உன் அக்கா எழுந்து வந்து என் கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பிறகு சட்டியில் விட்டு வைத்தாள். மறுபடி என் கிண்ணம். அடுக்களைக்குப் போனாள். அத்தனை மாதமாக அவள் என் பட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். அரிசியும் பருப்பும் படிப்படியாக அடக்கமாக இறங்கியிருந்தன. உப்பு ஜாடியின் பட்டையில் மட்டும் சிவப்புக் கோடுகள் தடதடவென்று கீழே ஓடியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியும் என் கையெழுத்தும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், இருப்பை மட்டும் மறைத்து எழுத மனம் வராமல் மாட்டிக்கொண்டேன். இருப்பில் பொய் எழுதுவது பாவம்.

அந்தப் பட்டையை அவள் உரித்து எடுத்துக்கொண்டாள். அதுதான் இப்போது உன் கையில் இருக்கிறது. மறுநாளே உன் வீட்டு முன்னறையில் அடுப்பு எரிந்தது. பெரியவனும் மருமகளும் மதியம் அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். என்னிடம் மளிகையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், அதுவும் சுருக்கமாக.

கடைசியாக நீ ஒரு கேள்வி கேட்டாய். "ரெண்டாம் மாசமே பட்ஜெட் கோட்டுக்கு வந்திருச்சு. அப்புறம் எதுக்கு அத்தான் பன்னெண்டு மாசம்?" அதற்குத்தான் நான் தண்ணீர் குடித்தேன்.

ஓய்வு பெற்று வந்தபின் இந்த வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றியே இருந்தார்கள். வருகிறவர்கள் அவளைக் கேட்டு வந்தார்கள், போகிறவர்கள் அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் பை தூக்கிக்கொண்டு வரும் ஆள். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறையாக என் வாயைப் பார்த்தாள், நான் என்ன சொல்வேன் என்று. அந்தப் பார்வை எனக்குத் தினமும் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கரண்டி உப்பு அதிக விலையாக எனக்குத் தோன்றவில்லை. செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். உன் அக்காவின் நாக்கில் ஒரு நாளும் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை அவளுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டு.

இன்னொன்று. என் எதிர்வீட்டுத் தையல்காரர் உன்னிடம் தினமும் இரண்டு சாப்பாடு வாங்குகிறார். அவர் ஒண்டிக்கட்டை, இரண்டு எதற்கு என்று நீ யோசித்திருப்பாய். ஒன்று எனக்கு. இதனால் இந்த மாதம் பட்ஜெட் உதைக்கிறது, உண்மைதான். ஆசைப்பட்டு வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். பொறுப்புள்ளவன் என்ற முறையில், உப்பு சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் வாங்குகிறேன். இன்றோடு முப்பத்தேழு நாள் சரிபார்த்துவிட்டேன். நாளைக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.